காவல் பதிவேடு

கம்பெனி போய்ப் பதினோரு மாதம்.
சாவிக்கொத்து என்னிடம்தான் இருக்கிறது.
ஒன்பது சாவி; பூட்டு நான்குதான் மிச்சம்.

வந்தபோது வழவழப்பான தாளில்
ஒரு படம் கொண்டுவந்தார்கள்:
காட்டாமணக்கு இலை,
அதன்மேல் ஒரு விமானம்.
தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது,
ஆடு வாய் வைக்காது,
தரிசில் போட்டாலும் தங்கம் என்று
சிமோயோவிலிருந்து வந்த தொப்பிக்காரர் மொழிபெயர்த்தார்.
தரிசு எங்கே என்று கேட்டார்கள்.
ஊர்த்தலைவர் எங்கள் சோளக்கொல்லையைக் காட்டினார்.
அறுவடை முடிந்த மாதம்.
எந்த நிலமும் அப்போது தரிசாய்த்தான் தெரியும்.

சொன்னதில் பொய் ஏதுமில்லை.
தண்ணீரில்லாமல் அது சாகவில்லை.
காய்க்கவும் இல்லை.
காய்த்த கொஞ்சமும் சேர்ந்து பழுக்கவில்லை;
ஒரே குலையில் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்,
ஒன்று கறுத்து வெடித்திருக்கும்.
காய்க்கு மூன்று விதை,
கிலோவுக்கு ஆயிரத்து முந்நூறு, நானூறு.
டொமிங்காஷ் எண்ணியிருக்கிறாள்.
தராசுக்காரன் எண்ணவில்லை,
சாக்கின் எடை என்று இரண்டு கை கழித்தான்.

ஃபஸ்பெயின் கடைக்குட்டி
கடலை என்று நினைத்து ஆறு விதை தின்றான்.
விடியும்வரை வாந்தி. பிழைத்துக்கொண்டான்.
அன்றைக்குப் பதிவேட்டில் நான் எழுதியது:
விதை, ஆறு, குறைவு.

பிறகு மஞ்சள் வண்டு வந்தது.
பிறகு மேலாளரின் மெத்தை லாரியில் ஏறியது.
திரும்பி வரும்வரை பார்த்துக்கொள், ஜெஃபெரினோ, என்றார்.
மபூட்டோ எண்ணுக்கு அடித்தால்
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறாள் ஒருத்தி.
நல்ல குரல்.
மாதம் ஒருமுறை கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும்
விதைத் தராசில் ஏறி நிற்பேன்.
சம்பளம் நின்றபோது எழுபத்தொன்று,
இப்போது அறுபத்து மூன்று.
அதையும் எழுதுகிறேன்,
கையிருப்பு என்ற பத்தியில்.

நவம்பரில் முதல் மழை.
இருட்டு பிரியுமுன்
பதினேழாம் வரிசையில் மண்வெட்டிச் சத்தம்.
டார்ச்சில் பேட்டரி இல்லை. தேவைப்படவும் இல்லை:
ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே விழும்
அந்த மூச்சை
இருபத்தாறு வருஷமாய்க் கேட்கிறவன் நான்.

விதிப்படி எழுதினேன்.
அத்துமீறி நுழைந்தவர்: டொமிங்காஷ்.
வயது: சொல்ல மறுக்கிறாள்.
உறவு: மனைவி.
குற்றம்: கம்பெனி மரம் நாற்பதை வெட்டி
மக்காச்சோளம் ஊன்றியது.
வாக்குமூலம்: "தரிசுதானே."
(நிமிராமல் சொன்னாள்.)
எடுத்த நடவடிக்கை:
அந்தக் கட்டம் இன்னும் காலி.

வெட்டிய கொம்புகளைச் சுற்றிலும் நட்டாள்.
பத்தாம் நாள் அத்தனையும் துளிர்த்தன,
கம்பெனிக்கு ஒருநாளும் காட்டாத அவசரத்தோடு.
ஆடுகள் வந்தன, மோந்தன,
தும்மிவிட்டுப் போயின.
அதுவும் மெய்தான், பார்.

கிடங்கில் மிஞ்சிய இரண்டு மூட்டையை
எலிகூட ஓட்டை போடவில்லை.
டொமிங்காஷ் ஓடுடைத்து
பருப்பை ஈர்க்கில் கோத்துக் கொளுத்துகிறாள்.
ஒன்று எரிந்து அடுத்ததற்குக் கொடுக்கும்.
கண் கரிக்கும் புகை, மூக்கில் கரி;
ஆனால் எழுத்து தெரிகிறது.
இதை அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

இரவு ஒன்பது நாற்பது.
மேலே ஒரு விமானம், ஹராரே பக்கமாக.
நிற்கவில்லை.
மக்காச்சோளம், முழங்கால் உயரம்.
விதை, பதினான்கு, குறைவு.
அடித்துத் திருத்தியது:
பதினைந்து.